கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான்: பெரம்பூர் பருந்து வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மரக்கிளையை வெட்டியதற்கு மூன்று வருடம் உள்ளே போக வேண்டி வரும் என்று சொன்னால் பெரும்பாலான ஆட்கள் சிரிப்பார்கள். பெரம்பூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரும் அப்படித்தான் சிரித்தார், வனத்துறை ஜீப் வாசலில் வந்து நிற்கிற வரைக்கும்.

நான் வழக்கறிஞர். இந்த விவகாரத்தில் மரம் ஏறிய தொழிலாளியின் வீட்டார் என்னைத் தேடி வந்ததால் காகிதங்கள் எல்லாவற்றையும் பார்க்க நேர்ந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது, அதனால் ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற விவரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்ட எதிலும் கை வைக்கவில்லை.

நடந்தது என்ன

2023 பிப்ரவரி. நான்கு மாடிக் கட்டடம், காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு பழைய தூங்குமூஞ்சி மரம், அதன் உச்சி மொட்டை மாடிக்குக் கொஞ்சம் மேலே போகிறது. மரத்தின் கவட்டையில் ஒரு பருந்து ஜோடி கூடு கட்டியிருந்தது. குச்சியோடு மின்கம்பித் துண்டு, கிழிந்த துணி, பிளாஸ்டிக் பை, துடைப்பக் குச்சி என்று தெருவில் கிடைத்ததை எல்லாம் திணித்துக் கட்டிய கூடு. நகரத்துப் பருந்து அப்படித்தான் கட்டும். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி (ஆடு வெட்டும் கூடம்) பக்கத்தில், ஓட்டேரி வரைக்கும் கறிக்கடைகள், வடசென்னை வானத்தில் பருந்து வட்டமடிக்காத பகலே கிடையாது. கூடு இருப்பது யாருக்கும் பெரிய செய்தியாக இல்லை.

முட்டை பொரித்த பிறகுதான் தொல்லை. மாடியில் துணி காயப்போடப் போனவர்கள், வடகம் பிழியப் போனவர்கள், தண்ணீர் டேங்க்கைப் பார்க்கப் போன வாட்ச்மேன் என்று ஒவ்வொருவராகத் தலையில் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். பருந்து நேருக்கு நேர் வராது. நாம் திரும்பி நடக்கும்போது பின்பக்கமாகச் சத்தமில்லாமல் இறங்கி, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மேலே போய்விடும். மூன்றாம் மாடிப் பாட்டி ஒருவருக்கு உச்சந்தலை கிழிந்து தையல் போட்டு, டி.டி. ஊசியும் போட்டார்கள். கோபம் வரத்தான் செய்யும், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சங்கக் கூட்டம் கூடியது. ஒருவர் பட்டாசு வெடித்துத் துரத்தலாம் என்றார். இன்னொருவர் கூட்டில் ஆசிட் ஊற்றலாம் என்றார் (இது மினிட்ஸ் புத்தகத்தில் இல்லை, ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறது). கடைசியில் கிளையோடு வெட்டி இறக்கிவிடுவது என்று முடிவானது. இரண்டாம் மாடிக் கல்லூரி மாணவி ஒருத்தி மட்டும் குரூப்பில், "அங்கிள், இது சட்டப்படி தப்பு, முதல்ல கிண்டி ஃபாரஸ்ட் ஆபீஸ்ல சொல்லிப் பார்க்கலாம்" என்று எழுதினாள். "பாட்டி தலை கிழிஞ்சது உனக்குப் பெரிசா தெரியலையாம்மா? சட்டம் மனுஷனுக்கா, பருந்துக்கா?" என்று பதில் வந்தது. அதற்குக் கட்டைவிரல்கள் குவிந்தன.

வழக்கமாகத் தேங்காய் பறிக்க வருகிறவரையே வரச் சொன்னார்கள். அவர் அரிவாளும் துரட்டியுமாக ஏறினார். பாதி மரத்திலேயே இரண்டு பருந்துகளும் பாய ஆரம்பித்துவிட்டன. மேலே போனதும் அவர் கீழே பார்த்துச் சொன்னது மாணவியின் போன் வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது: "சார், குஞ்சு இருக்கு சார், கத்துது." கீழேயிருந்து பதில்: "பரவால்ல, வெட்டிப் போடு." அவர் துரட்டியைச் சுழற்றினார், ஒரு பருந்தின் இறக்கையில் பட்டு அது பக்கத்துக் காலி மனையில் போய் விழுந்தது. கிளை வெட்டுப்பட்டது. கூட்டில் இருந்த இரண்டு குஞ்சுகளில் ஒன்று விழுந்த இடத்திலேயே செத்தது. இன்னொன்றை முதல் மாடிப் பையன் அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனான்.

மாணவி வீடியோவோடு முதலில் போனது காவல் நிலையத்துக்கு. அங்கே 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவைப் போட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் பார்த்தார்கள். அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நான் தவறாக அச்சடிக்கவில்லை, ஐம்பது ரூபாய்தான். அவள் அதோடு விடாமல் கிண்டிக்குப் போனதால்தான் இது வழக்காக ஆனது.

கிளையை வெட்டினால் வேட்டையா?

சங்கத்தின் முதல் வாதம் எளிமையானது. நாங்கள் வேட்டையாடவில்லை, துப்பாக்கி இல்லை, வலை இல்லை, கறிக்காகப் பிடிக்கவில்லை, எங்கள் காம்பவுண்டில் எங்கள் மரத்தில் ஒரு கிளையை வெட்டினோம்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(16) வேட்டை என்பதற்குக் கொடுக்கிற விளக்கத்தைப் படித்தால் இந்த வாதம் நிற்காது. கொல்வது, விஷம் வைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாம் வேட்டை. பிடிப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது, இரை போட்டு இழுப்பது வேட்டை. அப்புறம் மூன்றாவது உட்பிரிவு: காயப்படுத்துவது, உடலின் எந்தப் பாகத்தையும் எடுப்பது, காட்டுப் பறவை அல்லது ஊர்வன என்றால் முட்டையைச் சேதப்படுத்துவது, முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வது. கூட்டைக் கலைத்தாலே போதும், பறவை செத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மரம் யாருடையது என்பதும் கேள்வி இல்லை. பிரிவு 9 வேட்டையைத் தடுக்கிறது, அது காட்டுக்குள் மட்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. கூட்டத்தில் பட்டாசு யோசனை சொன்னவர் நல்லவேளை யோசனையோடு நின்றார், துரத்துவதும் அதே பிரிவில் இருக்கிறது.

சட்டம் காலிக் கூடு, குடியிருக்கிற கூடு என்று பிரித்துப் பேசவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த வழக்கில் குஞ்சுகளே இருந்ததால் அந்தச் சிக்கல் எழவில்லை.

அமெரிக்கச் சட்டத்தை இங்கே ஒரு பார்வை பார்க்கலாம். அங்கே வெண்தலைக் கழுகுக்கென்று 1940-லேயே தனிச் சட்டம் வந்தது, 1962-ல் பொன்னிறக் கழுகையும் அதில் சேர்த்தார்கள். கழுகு, அதன் முட்டை, கூடு, உதிர்ந்த ஒரு இறகு எதையும் அனுமதியில்லாமல் வைத்திருக்க முடியாது. தொந்தரவு என்றால் என்ன என்பதற்கு 2007-ல் தனியாக விளக்கமும் எழுதினார்கள்: பறவைக்குக் காயம் ஏற்படும் அளவுக்கு, அல்லது குஞ்சு பொரிப்பது குறையும் அளவுக்கு, அல்லது கூட்டைக் கைவிட்டுப் போகும் அளவுக்கு அதைக் கலவரப்படுத்துவது. கூட்டுக்குப் பக்கத்தில் கட்டட வேலை செய்தால் 660 அடி தள்ளிச் செய்யுங்கள் என்று வழிகாட்டுதலும் அதே ஆண்டு வந்தது. நம் சட்டம் தொந்தரவு என்ற சொல்லைப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிட்டது. கூட்டுக்குக் கீழே கிரிக்கெட் ஆடுவது தொந்தரவா, மாடியில் கல்யாண விருந்துக்கு ஸ்பீக்கர் வைப்பது தொந்தரவா? நீதிபதி பார்த்துச் சொன்னால்தான் உண்டு. ஆனால் அரிவாளால் கிளையோடு இறக்குவது எந்த விளக்கத்திலும் தப்பாது.

எந்த அட்டவணை என்பதுதான் தலையெழுத்து

இந்தச் சட்டத்தில் உயிரினத்தின் பெயரை விட அது எந்த அட்டவணையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். சம்பவம் நடந்தபோது இருந்த பழைய சட்டத்தில் ஆறு அட்டவணைகள். கழுகு, பருந்து, வல்லூறு எல்லாம் அடங்கிய அக்சிபிட்ரிடே குடும்பம் மொத்தமும் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே அட்டவணையில் இருந்தது. புகாரில் கழுகு என்று எழுதியிருந்தார்கள், கால்நடை மருத்துவரின் அறிக்கையில் கரும்பருந்து, மில்வஸ் மைக்ரன்ஸ் என்று வந்தது. அதை வைத்து சங்கத் தரப்பு கொஞ்சம் விளையாடிப் பார்த்தது. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே அட்டவணை என்பதால் அது எடுபடவில்லை.

முதல் அட்டவணை என்றால் பிரிவு 51-ன்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, அதோடு அப்போதைய கணக்கில் 10,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். குறைந்தபட்சச் சிறை என்று எழுதியிருக்கிற குற்றத்தைப் பிரிவு 54-ன் கீழ் பணம் கட்டிச் சமாதானமாக முடிக்கவும் முடியாது. செயலாளர் தரப்பு முதல் வாரமே கேட்டது அதைத்தான், "எவ்வளவு சார் கட்டணும், கட்டிடறோம்." கட்ட வழி இல்லை என்று கேட்டபோதுதான் அவர்களுக்கு முகம் வெளுத்தது.

2022 திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகக் குறைந்தன, குடும்பத்தை மொத்தமாகச் சொல்லாமல் இனம் இனமாக அறிவியல் பெயரோடு பட்டியலிட்டார்கள். முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தபட்ச அபராதம் 25,000 ஆனது, மற்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். காகத்தைக்கூட எலியோடு சேர்த்துத் தொல்லை தருபவை என்று ஒதுக்கிவைத்திருந்த பழைய ஐந்தாம் அட்டவணை மொத்தமாகப் போய்விட்டது. இந்த மாற்றத்தைக் காட்டி, பழைய பட்டியலே இப்போது இல்லையே என்று சங்கத்தின் வழக்கறிஞர் ஒரு மனு போட்டார். பிப்ரவரியில் செய்த காரியத்துக்கு பிப்ரவரியில் இருந்த சட்டம்தான் என்பது சட்டக் கல்லூரி முதல் ஆண்டுப் பாடம். நேரத்தைக் கடத்த உதவியது, அவ்வளவுதான்.

தற்காப்பு என்ற வாதம் ஏன் உடைந்தது

இந்த வழக்கிலேயே சுவாரசியமான பகுதி இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மரத்தின் மேலே இருந்தவரைப் பருந்து தாக்கியது உண்மை. வீடியோவில் தெரிகிறது, கையிலும் கழுத்திலும் நகக்கீறல் இருந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டும் இருக்கிறது. நாற்பது அடி உயரத்தில் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் துரட்டியைச் சுழற்றாமல் என்ன செய்வார்? பிரிவு 11(2) இதற்குத்தான் இருக்கிறது. தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு ஒரு வன உயிரினத்தைக் காயப்படுத்தினாலோ கொன்றாலோ குற்றமில்லை. முதல் அட்டவணை விலங்காக இருந்தாலும் சரி.

ஆனால் அதே உட்பிரிவின் வாலில் ஒரு வரம்பு தொங்குகிறது. தற்காப்பு தேவைப்பட்ட அந்த நேரத்தில் அந்த ஆள் இதே சட்டத்தை மீறுகிற ஒரு செயலைச் செய்துகொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. கூட்டைக் கலைக்க ஏறியதே மீறல். பருந்து தாக்கியது அதனால்தான். ஆக, தற்காப்பு என்ற கதவு மரத்தில் முதல் அடி எடுத்து வைத்தபோதே சாத்தப்பட்டுவிட்டது.

தலை கிழிந்த பாட்டி அன்று கையிலிருந்த துடைப்பத்தால் ஓங்கி அடித்துப் பருந்தின் இறக்கையை உடைத்திருந்தால்? குற்றமே இல்லை. துணி காயப்போட மாடிக்குப் போனது எந்தச் சட்டத்துக்கும் விரோதமில்லை. பறவைக்கு ஏற்பட்ட காயம் ஒன்றுதான், ஒருவருக்கு வழக்கே கிடையாது, இன்னொருவருக்கு மூன்று வருடம். இது அநியாயம் என்று என் கட்சிக்காரரின் மனைவி என்னிடம் அழுதார். சட்டத்தை எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இந்த வரம்பு இல்லையென்றால் கூட்டில் கை வைக்கிறவர், யானையைச் சீண்டுகிறவர், குட்டியைத் தூக்கப் போகிறவர் எல்லாரும் கடைசியில் தற்காப்பு என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். ஆனாலும் அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல முடியவில்லை.

மருத்துவ அறிக்கையும் இங்கே உதவியது, என் தரப்புக்கு இல்லை. இறக்கை உடைந்தது மாஞ்சா நூலால் என்று சங்கத் தரப்பு சொன்னது. நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுக்கத் தடை செய்தும் வடசென்னையில் அது ஒழியவில்லை என்பதால் வாதம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாஞ்சா தோலையும் தசைநாரையும் கோடு இழுத்தது மாதிரி அறுக்கும். இங்கே தோல் அறுபடாமல் உள்ளே எலும்பு நொறுங்கியிருந்தது. தடியடி என்று மருத்துவர் எழுதிவிட்டார்.

யார் குற்றவாளி

வனத்துறை முதலில் பிடித்தது மரம் ஏறியவரைத்தான். அரிவாள் அவர் கையில், துரட்டி அவர் கையில், வீடியோவில் முகம் அவருடையது. கூலி பேசிய செயலாளர் அன்று மாலை ஊரிலேயே இல்லை. நம் ஊரில் வழக்கமாக இந்தக் கதை இப்படித்தான் முடியும்.

முடியாமல் போனதற்கு இரண்டு பிரிவுகள் காரணம். பிரிவு 52, தூண்டியவரும் செய்தவராகவே கருதப்படுவார் என்கிறது. "பரவால்ல, வெட்டிப் போடு" என்ற மூன்று சொற்கள் போதுமானதாக இருந்தன. பிரிவு 58 நிறுவனங்கள் செய்கிற குற்றத்தைப் பற்றியது. அதில் நிறுவனம் என்றால் கம்பெனி மட்டும் இல்லை, தனிநபர்கள் சேர்ந்த சங்கமும் அடங்கும் என்று விளக்கம் இருக்கிறது. அதாவது குடியிருப்போர் சங்கமும் உள்ளே வரும், அதன் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பானவர்களும் வருவார்கள். இது பெரும்பாலான சங்கங்களுக்குத் தெரியாது. இவர்கள் அழகாக மினிட்ஸ் புத்தகத்தில் "பருந்துக் கூட்டை அகற்ற ஏகமனதாக ஒப்புதல்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். மாணவியின் எச்சரிக்கை குரூப்பில் இருந்ததால், தெரியாமல் செய்துவிட்டோம் என்றும் சொல்ல முடியவில்லை. சங்கம் சார்பில் அந்தப் பக்கம் ஒரு மூத்த வழக்கறிஞர் வந்தார், செலவு சங்கக் கணக்கில். மரம் ஏறியவருக்கு அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் வரவில்லை, வெட்டிய கூலியே வரவில்லை.

புகார் யார் கொடுக்க வேண்டும் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிவு 55-ன்படி சட்டம் குறிப்பிடுகிற வன உயிரின அதிகாரிகள் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் இந்த வழக்கைக் கையில் எடுக்கும். அவர்கள் அசையவில்லை என்றால் சாதாரண ஆளும் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் தானே நீதிமன்றத்துக்குப் போகலாம். மாணவி அதற்கும் தயாராகத்தான் இருந்தாள் என்று பிறகு சொன்னாள். தேவைப்படவில்லை.

குஞ்சை எடுத்துப் போன பையன் விஷயம் சின்னது, ஆனால் பலருக்கு உதவும். வன உயிரினம் அரசாங்கச் சொத்து, பிரிவு 39. எப்படியோ அது உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அதிகாரியிடமோ தகவல் சொல்ல வேண்டும். பையன் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதால் அவன் மேல் எதுவும் இல்லை. இடையில் பால் சோறு ஊட்டியிருக்கிறான், கறி தின்கிற குஞ்சுக்கு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெட்டிக்குள் இருட்டாக, சத்தமில்லாமல் வைத்தால் போதும்.

பருந்து ஏன் தாக்கியது

விசாரணைக் காகிதங்களில் இது ஒரு வரிகூட இல்லை. அங்கே போய்ப் பேசியபோதுதான் தெரிந்தது. நான்காம் மாடியில் ஒரு பெரியவர் ஞாயிறு தவறாமல் கைப்பிடிச் சுவர் மேல் கோழித்தோலும் ஈரலும் வைத்துப் பருந்துக்குப் போடுவாராம், புண்ணியம் என்று. பருந்துகள் அவர் கையருகே வந்து எடுத்துப் போகும், பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். டெல்லியில் பருந்துகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் கண்டதும் இதேதான்: மனிதர்கள் கறி வீசுகிற இடங்களிலும் தெருவில் கழிவு குவிகிற இடங்களிலும் கூடு கட்டுகிற பருந்துகள்தான் ஆட்களை அதிகம் தாக்குகின்றன. பயம் விட்டுப் போகிறது, அப்புறம் குஞ்சு வந்ததும் அதே ஆட்கள் எதிரியாகத் தெரிகிறார்கள். பெரியவர் மேல் வழக்கு எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. வேட்டைச் சட்டம் கடைசியில் தடி எடுத்த கையைத்தான் பார்க்கும், அதற்கு முன்னால் நடந்ததை எல்லாம் பார்க்க அதற்குக் கண் இல்லை.

பாறுக் கழுகுகளுக்கு நடந்ததும் இப்படித்தான். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் வந்து சாதம் வாங்கிப் போன கழுகுகளை நம் தாத்தா பாட்டிகள் பார்த்திருக்கிறார்கள், 1990-களோடு அந்த வரவு நின்றது. நாடு முழுக்கப் பாறுக் கழுகுகள் கொத்துக்கொத்தாக அழிந்ததற்குக் காரணம் எந்த வேட்டைக்காரனும் இல்லை, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது மருந்துத் துறை. கழுகுகளுக்கு வேட்டைச் சட்டத்தை விட அந்த ஆணைதான் அதிகம் செய்தது என்பேன்.

வேறு என்ன செய்திருக்கலாம்

சட்டப்படி அனுமதி வாங்க ஒரு வழி இருந்தது, பிரிவு 11(1). முதல் அட்டவணை உயிரினம் என்றால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் மட்டும்தான், காரணத்தை எழுதி, ஆணை கொடுக்க முடியும். அதுவும் மனித உயிருக்கு ஆபத்து என்றோ, பிழைக்க முடியாத அளவுக்கு நோயோ ஊனமோ என்றோ இருந்தால்தான். உச்சந்தலைத் தையலை மனித உயிருக்கு ஆபத்து என்று எந்த அதிகாரியும் எழுத மாட்டார், எழுதவும் கூடாது.

ஆனால் காலக் கணக்கைப் பாருங்கள். கரும்பருந்து முட்டையில் உட்காருவது ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு கூட்டில் இருப்பது ஆறிலிருந்து எட்டு வாரம். தாக்குதல் உச்சத்தில் இருக்கிறது என்றால் குஞ்சு ஏற்கெனவே பொரித்துவிட்டது என்று அர்த்தம், பொறுக்க வேண்டியது இன்னும் சில வாரம்தான். அதுவரைக்கும் கூடு இருக்கிற பக்கத்து மாடி மூலையைப் பூட்டி, துணியை மறுபக்கம் காயப்போட்டு, டேங்க் பார்க்கப் போகிறவர் குடையோ ஹெல்மெட்டோ மாட்டிக்கொண்டு போனால் விஷயம் முடிந்தது. கோழித்தோலை நிறுத்த வேண்டும். முன்கூட்டியே கிண்டி வன அலுவலகத்துக்கு ஒரு கடிதம், போட்டோவோடு. அதற்கு ஒரு பதிவு எண் கிடைக்கும், பிறகு யாருக்காவது அடிபட்டால் அதுவும் பதிவில் சேரும்.

இதை எல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டுத் தள்ளியபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் 1798-ல் தடை உத்தரவு வாங்கினார்கள், 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் உண்டு, வெறும் இரக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பெரம்பூர்க் குடியிருப்பில் அரைப் பக்கக் கடிதம் எழுத ஆள் இல்லை.

இப்போதைய நிலவரம்

அடிபட்ட பருந்துக்கு எலும்பு சேர்ந்தது, பறக்க வரவில்லை, வெளியே விட முடியாது என்று எழுதிவிட்டார்கள். பிழைத்த குஞ்சு கோடைக்குள் பறந்து போனது. ஒருவரும் சிறையில் இல்லை, எல்லாருக்கும் ஜாமீன் கிடைத்துவிட்டது. வாட்ஸ்அப் பதிவுகளுக்கும் வீடியோவுக்கும், மின்னணுச் சாட்சியத்துக்குத் தேவையான சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்பதில் ஒரு வருடம் போனது. மாணவி போனை மாற்றாமல் வைத்திருந்தாள், அதுவே பெரிய விஷயம்.

என் கட்சிக்காரருக்காக நான் வைக்கிற வாதம் ஒன்றுதான் மிச்சம். செய்ததை மறுக்கவில்லை, வீடியோ இருக்கிறது, மறுப்பது வீண். ஆனால் குஞ்சு இருப்பதைச் சொல்லி நிறுத்தப் பார்த்தவர் அவர், வெட்டச் சொன்னது வேறு ஆள். பிரிவு 51(5) நன்னடத்தைச் சட்டத்தின் (குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதி வாங்கி விடுவிக்கிற சட்டம்) பலனை மறுப்பது சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் வேட்டையாடியவர்களுக்கும், வன உயிரினப் பொருள் வியாபாரம் பற்றிய ஐந்து-ஏ அத்தியாயக் குற்றங்களுக்கும்தான். பெரம்பூர் இரண்டிலும் வராது. எனவே தண்டனை என்று வந்தால் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி அவரை விடுவிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். குறைந்தபட்சத் தண்டனை இருக்கும்போது அது முடியாது என்று அரசுத் தரப்பு எதிர்க்கிறது. செயலாளருக்கும் அதே சலுகை வேண்டும் என்று அவர் தரப்பும் மனு போட்டிருக்கிறது. இரண்டு மனுவையும் ஒன்றாகச் சேர்த்து விசாரிக்கக் கூடாது, இருவர் நிலையும் வேறு என்று ஆட்சேபம் கொடுத்திருக்கிறேன். உத்தரவுக்காகத் தேதி போட்டிருக்கிறார்கள்.